மீதிச் சில்லறை எண்ணும் கலை

அரசர்கள் வெளியிட்ட நாணயங்களுக்கு வரலாறு உண்டு. அவற்றில் பொறிக்கப்பட்ட உருவங்களையும் எழுத்துகளையும் ஆய்ந்து அறிஞர்கள் பல நூல்கள் எழுதியுள்ளனர். ஆனால் அந்நாணயங்கள் விற்பவர் கையிலிருந்து வாங்குபவர் கைக்கு எவ்வாறு எண்ணித் தரப்பட்டன என்பதை எழுதுவோர் அரியர். நாள்தோறும் நடக்கும் செயலாதலின் அது வரலாற்றின் கண்ணில் படுவதில்லை. அச்செயல் இன்று நம் கண்முன்னே மறைந்துகொண்டிருப்பதால், அதைப் பற்றிச் சற்றே எண்ணிப் பார்க்க விழைகிறோம்.

63 ரூபாய்க்குப் பலசரக்கு வாங்கிய ஒருவர் 100 ரூபாய்த் தாளை நீட்டுகிறார். பழைய பழக்கமுள்ள கடைக்காரர் அத்தாளை உடனே கல்லாப்பெட்டிக்குள் போட்டுவிடுவதில்லை. இருவர் கண்ணிலும் படும்படி மேசைமீது வைக்கிறார். பின்னர் “அறுபத்து மூன்று” என்று தொடங்குகிறார். இரண்டு ரூபாய் நாணயத்தை வாங்குபவரின் உள்ளங்கையில் வைத்து “அறுபத்தைந்து” என்கிறார். ஐந்து ரூபாய் நாணயம் வைத்து “எழுபது”, பத்து ரூபாய்த் தாள் வைத்து “எண்பது”, இருபது ரூபாய்த் தாள் வைத்து “நூறு” என்று முடிக்கிறார். கொடுத்த தாளும் எண்ணிய எண்ணும் ஒன்றாகின்றன, கணக்குத் தீர்ந்தது. மீதித் தொகையாகிய முப்பத்தேழு என்னும் எண் அங்கே ஒருமுறைகூட உச்சரிக்கப்படவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

இன்றைய பெரிய கடைகளில் நடப்பது வேறு. காசாளர் 100 என்று தட்டுகிறார். திரையில் 37 என்று தோன்றுகிறது. தாள்களின்மேல் ரசீதையும், ரசீதின்மேல் நாணயங்களையும் வைத்து ஒருசேர நீட்டிவிட்டு, அடுத்தவரை நோக்கித் திரும்பிவிடுகிறார். எவ்வளவு தர வேண்டும் என்பதை இயந்திரம் சொல்லிற்று. அவ்வளவும் தரப்பட்டதா என்பதை அங்கே எவரும் பார்க்கவில்லை. அவர் தட்டி முடித்தபின், “இதோ மூன்று ரூபாய் சில்லறையாக இருக்கிறது” என்று நாம் கூடுதலாகக் கொடுத்தோமானால், நாற்பது ரூபாய் திருப்பித் தந்தால் போதும் என்பது அவருக்குப் புலப்படாமல் திகைப்பதும் உண்டு. அவரைக் குறைகூறுவதற்காக இதைச் சொல்லவில்லை. இந்தத் திறமை எவ்வாறு தோன்றியது, எதற்காகப் பயன்பட்டது, யாரால் நம்மிடமிருந்து விலகியது என்று அறிந்தால்தான், நாம் எதை இழக்கிறோம் என்பதும் விளங்கும்.

கழித்தலைக் கூட்டலாக்கிய வழி

பள்ளியில் நாம் ‘கடன் வாங்கிக் கழித்தல்’ கற்றோம். ஒன்றாம் இடத்தில் போதாதபோது பத்தாம் இடத்திலிருந்து கடன் வாங்குவது அம்முறை. தாளும் எழுதுகோலும் இருந்தால் அது எளிது. கூட்டம் நெருக்கும் கடைவீதியில், கைகள் இரண்டும் வேலையாக இருக்கும்போது அது எளிதன்று. எனவே வணிகர் கழித்தலை விட்டுக் கூட்டலைப் பிடித்துக்கொண்டனர். விலையிலிருந்து தொடங்கி, கொடுத்த தொகை வரும்வரை நாணயங்களைக் கூட்டிக்கொண்டே போனால், மீதி தானே கைக்கு வந்துவிடுகிறது. ஐரோப்பாவில் ஆசிரியர்கள் இதே கருத்தைப் பள்ளிக் கணக்கிலும் புகுத்தினர். அமெரிக்கப் பாடநூல்கள் இதனை ‘ஆஸ்திரிய முறை’ என்று அழைத்தன.

பழைய நாணய முறைகளை எண்ணினால் இதன் அருமை இன்னும் விளங்கும். இங்கிலாந்தில் 12 பென்னி ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுண்டு. 1971 பிப்ரவரி 15 வரை அந்நாட்டார் இக்கணக்கிலேயே வாழ்ந்தனர். நம் நாட்டிலோ 16 அணா ஒரு ரூபாய், 4 பைசா ஓர் அணா, 12 பை ஓர் அணா. இத்தகைய கணக்கில் கடன் வாங்கிக் கழிப்பதென்றால் ஒவ்வோர் இடத்திலும் வேறுவேறு அளவில் கடன் வாங்க வேண்டும். எண்ணிக் கொடுக்கும் வணிகருக்கு அந்தத் தொல்லையில்லை. ஒன்பதணாச் சரக்குக்கு ஒரு ரூபாய் வந்தால், ஓரணா வைத்துப் ‘பத்தணா’, இரண்டணா வைத்துப் ‘பன்னிரண்டணா’, நாலணா வைத்து ‘ஒரு ரூபாய்’ என்று முடித்துவிடுவார்.

இம்முறையின் சிறப்பு அதன் எளிமை மட்டுமன்று. ஒவ்வொரு படியும் வாய்விட்டுச் சொல்லப்படுகிறது. வாங்குபவர் எந்தப் படியிலும் “சற்று நில்லுங்கள்” என்று தடுக்கலாம். எழுத்தறியாதவரும் இதில் பங்குகொள்ளலாம். எண்ணத் தெரிந்தால் போதும். நம் நாட்டுக் களத்துமேடுகளிலும் இத்தகைய வழக்கம் உண்டு. நெல் அளப்பவர் முதல் மரக்காலை ‘ஒன்று’ என்னாமல் ‘லாபம்’ என்று மங்கலமாகத் தொடங்கி, இரண்டு, மூன்று என்று இழுத்துப் பாடுவதுபோல் எண்ணுவார். அந்த ஒலி கொடுப்பவர் காதிலும் கொள்பவர் காதிலும் ஒருங்கே விழும். பிறகு ஐயம் எழுந்தால், கேட்டிருந்த அனைவரும் சாட்சிகள். தராசிலும் படியிலும் நேர்மை வேண்டுமென்று மறைநூல் வற்புறுத்துவதை நாம் அறிவோம். வாய்விட்டு எண்ணுவதும் அந்த நேர்மையைக் கண்ணுக்கும் காதுக்கும் புலப்படுத்தும் ஒரு வழியே.

திண்ணையில் பயின்ற எண்

தமிழகத்தில் இத்திறமைக்கு ஆழமான வேர் உண்டு. 19-ஆம் நூற்றாண்டிலும் திண்ணைப் பள்ளிகளில் சிறுவர் மணலில் விரலால் எழுதிப் பழகினர். பின்னர் ஓலைக்கு வந்தனர். பொன்னிலக்கம், நெல்லிலக்கம், எண்சுவடி, குழிமாற்று என்று வாய்ப்பாடுகள் வரிசையாக மனப்பாடம் செய்விக்கப்பட்டன. பொன்னிலக்கம் எண்களின் வரிசையையும், நெல்லிலக்கம் தானிய அளவைகளையும் கற்பித்தன. எண்சுவடி பெருக்கல் வாய்ப்பாடு. அது முழு எண்களோடு நின்றுவிடாமல் பின்னங்களையும் பெருக்கக் கற்பித்தது.

அப்பின்னங்களின் பெயர்களை இன்றைய இளையோர் அறியார். முக்கால், அரை, கால் ஆகியவை இன்னும் வழக்கில் உள்ளன. எட்டில் ஒன்று அரைக்கால். பதினாறில் ஒன்று மாகாணி அல்லது வீசம். இருபதில் ஒன்று மா. எண்பதில் ஒன்று காணி. முந்நூற்றிருபதில் ஒன்று முந்திரி. ரூபாய்க்குப் பதினாறணா என்ற கணக்கில் ஓரணா என்பது மாகாணி, இரண்டணா என்பது அரைக்கால், நாலணா என்பது கால். ஆகவே மாகாணி வாய்ப்பாட்டை அறிந்த சிறுவனுக்கு அணாக் கணக்கு புதிய பாடமன்று; முன்பே நாவில் இருந்த பாடம். தென்னிந்தியாவின் இந்த எண் மரபை ஆராய்ந்த செந்தில்பாபு, 2022-இல் வெளிவந்த தம் ஆங்கில நூலில், திண்ணைப் பள்ளியின் நினைவுவழிக் கணிதத்தையும், கணக்கர், வணிகர், உழைப்பாளர் ஆகியோரின் அன்றாட அளவைகளையும் இணைத்துக் காட்டியுள்ளார்.

அக்காலச் சென்னையில் இக்கணக்கறிவு இன்றியமையாததாயிருந்தது. கும்பினியார் ஆட்சியில் 80 காசு ஒரு பணம். 42 பணம் ஒரு வராகன். ஆக, ஒரு வராகனை மாற்றினால் 3,360 காசு. 1818-க்குப் பின்னரே ரூபாய்க் கணக்கு இங்கே நிலைபெற்றது; மூன்றரை ரூபாய் ஒரு வராகன் என்று வகுத்தனர். இன்னொரு செய்தியும் இங்கே நினைக்கத்தக்கது. ஆங்கிலத்தில் ‘கேஷ்’ என்னும் ஒலியில் இரண்டு சொற்கள் உள்ளன. சிறு நாணயத்தைக் குறிக்கும் சொல், நம் ‘காசு’ போர்த்துக்கீசியர் வழியாகச் சென்றது. ரொக்கத்தைக் குறிக்கும் மற்றொரு சொல்லோ, பெட்டி எனப் பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து பிறந்தது.

திண்ணைப் பள்ளியைப் புகழ்ந்து மட்டும் பேசுதல் உண்மையாகாது. அங்கே இடம் பெற்றவர் சிலரே. பெண்களும் ஒடுக்கப்பட்ட மக்களும் பெரும்பாலும் அதன் வெளியே நின்றனர். எண்சுவடி அறிந்தவர் கையில் கணக்கு இருந்தது; அறியாதவர் அவர் சொன்னதை ஏற்க வேண்டியிருந்தது. கடன் ஓலையிலும் கூலிக் கணக்கிலும் ஏமாந்தோர் எத்தனை பேர்! எனவேதான் வாய்விட்டு எண்ணிக் கொடுக்கும் முறைக்குத் தனி மதிப்பு உண்டு. பள்ளியில் மறுக்கப்பட்ட கணக்கில் ஒரு சிறு பகுதியையாவது அது சந்தையில் எல்லாருக்கும் திறந்து வைத்தது.

அணாவிலிருந்து காசுக்கு

1957 ஏப்ரல் 1 அன்று ஒரு ரூபாய்க்கு 100 நயா பைசா என்ற தசம முறை நடைமுறைக்கு வந்தது. ‘நயா’ என்ற அடைமொழி 1964 ஜூன் மாதத்தில் நீக்கப்பட்டது. கணக்கை எளிதாக்கவே இம்மாற்றம் செய்யப்பட்டது, எளிதாக்கவும் செய்தது. ஆயினும் மாறுகாலத்தில் இடர்ப்பாடுகள் எழுந்தன. பழைய நாணயங்களும் புதியனவும் சில ஆண்டுகள் ஒன்றாகப் புழங்கின. ஓரணா என்பது ஆறேகால் காசு. அரைக்காசோ அதற்குக் குறைவோ வந்தால் தள்ளிவிடுவதும், அதற்கு மேற்பட்டால் முழுக்காசாகக் கொள்வதும் விதி. அதன்படி ஓரணாவுக்கு 6 காசு, இரண்டணாவுக்கு 12, மூன்றணாவுக்கு 19, நாலணாவுக்குச் சரியாக 25. ஓரணா நாணயம் பதினாறைத் தனித்தனியே மாற்றியவருக்கு ஒரு ரூபாய்க்கு 96 காசே தேறும். ஓரணாப் பொருளை 6 காசுக்கு விற்றால் வணிகருக்கு நட்டம். 7 காசுக்கு விற்றால் வாங்குபவருக்கு நட்டம். அந்நாள்களில் கூர்மையாக எண்ணத் தெரிந்த இல்லத்தரசியர் தம் குடும்பத்தின் காசுகளைக் காத்துக்கொண்டனர் எனலாம்.

காலப்போக்கில் மாகாணியும் அரைக்காலும் பேச்சிலிருந்து உதிர்ந்தன. ‘நாலணா’, ‘எட்டணா’ என்னும் சொற்கள் மட்டும் 25 காசுக்கும் 50 காசுக்கும் பெயராக நெடுநாள் நிலைத்தன. பின்னர் சிறு நாணயங்களே வழக்கிழந்தன. 2011 ஜூன் 30-உடன் 25 காசும் அதற்குக் குறைந்த நாணயங்களும் செல்லாதவை ஆயின. சில்லறைத் தட்டுப்பாட்டில் மீதிக்குப் பதிலாக மிட்டாய் கொடுக்கும் வழக்கமும், பேருந்து நடத்துநர் பயணச்சீட்டின் பின்புறம் பாக்கியை எழுதித் தரும் வழக்கமும் நாம் அறிந்தவையே. இறங்கும் அவசரத்தில் அந்தப் பாக்கியை மறந்தவர்கள் எத்தனை பேர் என்று கணக்கிட இயலாது.

பெட்டி வந்த வரலாறு

பணப்பதிவு இயந்திரம் பிறந்த இடம் அமெரிக்காவின் ஓகையோ மாநிலத்திலுள்ள டேட்டன் நகரம். அங்கே மதுக்கடை நடத்திய ஜேம்ஸ் ரிட்டி என்பவருக்கு, விற்பனைப் பணத்தில் ஒரு பகுதி தம் பணியாளர் கைகளில் கரைகிறதே என்ற கவலை. 1878-இல் ஐரோப்பாவுக்குக் கப்பலில் சென்றபோது, கப்பலின் உந்துசக்கரம் எத்தனை முறை சுழன்றது என்று எண்ணும் கருவியைக் கண்டார். சுழற்சியை எண்ண முடியுமானால் விற்பனையையும் எண்ணலாமே என்று கருதித் தம் சகோதரர் ஜானுடன் சேர்ந்து ஓர் இயந்திரம் அமைத்து, 1879-இல் காப்புரிமை பெற்றார். அதற்கு அவர் இட்ட பெயர் ‘கறைபடாத காசாளர்’ என்று பொருள்படும். 1884-இல் ஜான் பேட்டர்சன் அத்தொழிலை வாங்கி உலகெங்கும் பரப்பினார். 1906-இல் சார்லஸ் கெட்டரிங் அதற்கு மின்விசை கூட்டினார்.

இவ்வியந்திரங்களில் விற்பனை பதிவாகும்போதெல்லாம் மணி ஒலிக்கும். விலை எண் மேலே எழும்பி நிற்கும். வாங்குபவரும் அதைக் காணலாம். ஆனால் மணி ஒலித்தது கடை உரிமையாளரின் காதுக்காக. பணியாளரை உரிமையாளர் கண்காணிக்கவே அப்பெட்டி உண்டாயிற்று. பெரும்பாலான பழைய பெட்டிகள் விலையைப் பதிந்தனவேயன்றி மீதியைக் கணிக்கவில்லை. ஆகவே ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக் காலம் இயந்திரமும் மனிதரும் வேலையைப் பகிர்ந்துகொண்டனர். விலையைப் பெட்டி காட்டியது. மீதியை மனிதர் எண்ணினார்.

1970-களில் மின்னணுப் பெட்டிகள் பரவியபோது அந்தப் பங்கீடு மாறியது. கொடுத்த தொகையைத் தட்டினால் மீதியைத் திரை காட்டிற்று. 1974 ஜூன் 26 அன்று அதே ஓகையோ மாநிலத்தின் டிராய் நகரில், ஒரு கடையில் சூயிங்கம் பொட்டலம் ஒன்றின்மேல் இருந்த பட்டைக்கோடுகளை ஒளிக்கருவி படித்தது. விலையை நினைவில் வைக்கும் வேலையும் அன்றுமுதல் மனிதரை விட்டு நீங்கத் தொடங்கிற்று. விலை, கூட்டல், மீதி ஆகிய மூன்றும் பெட்டிக்குள் சென்றன. மனிதர் கையில் எஞ்சியது எடுத்து நீட்டும் வேலை மட்டுமே.

நம் நாட்டில் இன்னொரு படியும் நிகழ்ந்துள்ளது. 2016 நவம்பர் 8 அன்று 500 ரூபாய், 1,000 ரூபாய்த் தாள்கள் செல்லாதவையென அறிவிக்கப்பட்டன. புதிய 2,000 ரூபாய்த் தாளைக் கையில் வைத்துக்கொண்டு அதற்குச் சில்லறை கிடைக்காமல் மக்கள் அலைந்த நாள்களை நாம் மறக்கவில்லை. அதே ஆண்டில் தொடங்கிய யு.பி.ஐ. முறை இன்று தேநீர்க் கடைவரை பரவிவிட்டது. கைப்பேசியால் சரியான தொகையைச் செலுத்துவோருக்கு மீதி என்பதே இல்லை. மீதி இல்லாத இடத்தில் எண்ணுவதற்கு என்ன இருக்கிறது?

சந்தைச் சிறுவர் கற்பித்த பாடம்

இயந்திரம் பிழையின்றிக் கணிக்கும்போது மனிதர் ஏன் கணிக்க வேண்டும் என்று கேட்போர் உண்டு. அவர்களுக்கு இரண்டு ஆய்வுகளை நினைவூட்ட விரும்புகிறோம்.

பிரேசில் நாட்டின் ரெசிஃபி நகரில் தெருவில் பொருள் விற்ற சிறுவர் ஐவரை, தெரசின்ஹா நூனெஸ் உள்ளிட்ட மூன்று ஆய்வாளர்கள் கவனித்து, 1985-இல் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டனர். தம் கடையில் வாங்குபவர் கேட்பதுபோல் கேட்ட கணக்குகளில் அச்சிறுவர் 98 விழுக்காடு சரியாகச் சொன்னார்கள். அதே எண்களை வெறும் பள்ளிக் கணக்காக எழுதிக் கொடுத்தபோது 37 விழுக்காடே சரியாக வந்தது. தேங்காய் விற்ற பன்னிரண்டு வயதுச் சிறுவனிடம், ஒன்று 35 வீதம் பத்துத் தேங்காய் என்ன விலை என்று கேட்டனர். மூன்றின் விலையை அவன் அறிந்திருந்தான். அதை மேலும் மேலும் கூட்டி 350-ஐ அடைந்தான். ஒரு சுழியைச் சேர்த்தால் போதும் என்ற பள்ளி விதி அவனுக்குத் தேவைப்படவில்லை.

நோபல் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ ஆகியோரும் அவர்களுடன் சிலரும் கொல்கத்தா, டெல்லி நகரங்களின் சந்தைகளில் வேலை செய்யும் 1,400-க்கும் மேற்பட்ட சிறுவரை ஆய்ந்து, 2025-இல் ‘நேச்சர்’ இதழில் முடிவுகளை வெளியிட்டனர். சந்தைக் கணக்கை மனத்திலேயே போட்ட சிறுவர் பள்ளிக் கணக்கில் தடுமாறினர். பள்ளியில் மட்டும் பயின்ற சிறுவரோ சந்தைக் கணக்கில் தடுமாறினர். ஒன்றில் பெற்ற அறிவு மற்றொன்றுக்குத் தானாகச் செல்லவில்லை.

சிறுவர் சந்தையில் உழைக்க நேர்வது வருந்தத்தக்கது. அதை நாம் போற்றவில்லை. ஆனால் அவர்களிடமிருந்த அறிவை அறிவென்று மதிக்கப் பள்ளி தவறியது. நம் வீட்டுப் பிள்ளைகளோ தேர்வில் முழு மதிப்பெண் பெற்று, கடையில் வாங்கிய மீதி சரியா என்று பார்க்க அறியாமல் வளர்கிறார்கள். இரண்டும் இழப்புகளே.

மணி யாருக்காக ஒலிக்கிறது?

பழைய கடைகளில் எல்லாம் நேர்மையாக நடந்தன என்று நாம் சொல்லவரவில்லை. விரைவாக எண்ணி மயக்கியவர்களும், தேய்ந்த நாணயத்தைத் தள்ளிவிட்டவர்களும் இருந்தனர். அச்சிட்ட ரசீது ஏமாற்றைத் தடுக்கும் நல்ல காவலன் என்பதை மறுக்க முடியாது. கைப்பேசிவழிச் செலுத்துவதால் சிறு வணிகருக்குச் சில்லறைத் தொல்லை தீர்ந்ததும் உண்மையே.

ஆயினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இன்று கைப்பேசியால் பணம் செலுத்தியதும் கடைமேசையில் உள்ள சிறு ஒலிப்பெட்டி, இத்தனை ரூபாய் வந்து சேர்ந்தது என்று அறிவிக்கிறது. டேட்டன் நகரத்து மணியைப்போலவே இதுவும் கடைக்காரருக்காக ஒலிக்கும் குரல். அவருக்கு வர வேண்டியது வந்ததா என்று சொல்லக் கருவிகள் பல உள்ளன. வாங்குபவருக்குத் திரும்பி வர வேண்டியது வந்ததா என்று சொன்ன ஒரே குரல், எண்ணிக் கொடுத்தவரின் குரல். அந்தக் குரல் அடங்கும்போது, இன்னும் ரொக்கத்தையே நம்பி வாழ்பவர் தனித்து விடப்படுகிறார். ஓய்வூதியத்தை எண்ணி எண்ணிச் செலவிடும் முதியவரும், திரையை வாசிக்க இயலாத தாயும், நாள்கூலியைத் தாளாகப் பெறும் உழைப்பாளியும் அவர்களே. கைநிறைய நாணயங்களுடன் வரிசையில் நிற்கும் மூதாட்டி, பின்னால் நிற்பவர் முகம் சுளிப்பாரோ என்றஞ்சி, எண்ணாமலே பையில் போட்டுக்கொண்டு நகர்கிறார். இரண்டு ரூபாயும் ஐந்து ரூபாயும் நமக்குச் சிறியனவாகத் தோன்றலாம்; அவருக்கு அவை ஒரு வேளைத் தேநீர்.

இதற்குப் பெருந்திட்டங்கள் தேவையில்லை. பெற்றோர் பிள்ளைகளைக் கைப்பேசியின்றி, பணத்தாளுடன் அருகிலுள்ள கடைக்கு அனுப்பலாம். மீதியை விலையிலிருந்து மேல்நோக்கி எண்ணிக்காட்டச் சொல்லலாம். ஆசிரியர்கள் கழித்தல் பாடத்துடன் இந்தக் கூட்டல் வழியையும் காட்டலாம். நம் பங்குத் திருவிழாக்களில் சிற்றுண்டிக் கடை நடத்தும் இளையோர், கணிப்பானை ஒதுக்கிவைத்து, வாய்விட்டு எண்ணிக் கொடுத்துப் பழகலாம். கல்லாவில் அமர்ந்திருக்கும் நம் வணிகச் சகோதரர்கள், திரை எதைக் காட்டினாலும், முதியவர் ஒருவர் வரும்போதாவது அவர் உள்ளங்கையில் ஒவ்வொன்றாக எண்ணி வைக்கலாம். அதற்கு அரை நிமிடம் ஆகும். பின்னால் நிற்கும் நாம் அந்த அரை நிமிடத்தைப் பொறுத்திருக்கக் கற்றுக்கொள்வோம்.